பங்குனி முதல் கத்திரி வரை: சென்னையையும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஊர்களையும் சுற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் பெரும்பாலானவர்கள் பிள்ளைகளுக்கு முழுஆண்டுப் பரீட்சை முடிந்து விடுமுறை விட்ட பிறகுதான் ஊர் சுற்றக் கிளம்புகிறார்கள். அதற்குள் காரியம் கெட்டுவிடும். மே 4 வாக்கில் கத்திரி பிறந்துவிடும், அதன்பின் கடற்கரைக்குப் போவது வேண்டுதல் மாதிரிதான். உண்மையில் இந்த ஊரைச் சுற்ற ஏற்ற கோடை என்பது மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் கடைசி வரை. சுமார் ஆறு வாரம். பங்குனியும் பாதிச் சித்திரையும். வெயில் இருக்கும், ஆனால் பேச்சுவார்த்தைக்கு ஒத்துவரும்.

நான் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து அக்கா குடும்பம் வந்திருந்தது. மாமல்லபுரம் போவதாக ஏற்பாடு. காலை ஆறு மணிக்கு வரவேண்டிய வாடகை வேன் எட்டரைக்கு வந்தது. வழியில் டிபன், டீசல், அத்தைக்கு மாத்திரை. ஐந்து ரதத்துக்குள் நுழையும்போது மணி பதினொன்றேமுக்கால். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பாறையில் ஏறிய அக்கா பையன், ஏறின வேகத்திலேயே குதித்து இறங்கி மணலில் நின்றான், மணல் அதைவிடச் சூடு. அரை மணி நேரத்தில் எல்லாரும் வேனுக்குள். ஆயிரத்து முந்நூறு வருடத்துச் சிற்பங்களைப் பார்க்க வந்தவர்கள் ஏசி காற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

இடத்தில் தப்பில்லை, நேரத்தில்தான் தப்பு. இந்த வழிகாட்டி முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது அதைத்தான்: எங்கே போகிறோம் என்பதைவிட எத்தனை மணிக்குப் போகிறோம் என்பது முக்கியம்.

படி 1: எந்த வாரம் என்று முடிவு செய்யுங்கள்

பஞ்சாங்கத்தையும் காலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேண்டும்.

மாசி மகம் பிப்ரவரி கடைசியிலோ மார்ச் முதல் பாதியிலோ வரும். அந்தப் பௌர்ணமிக்கு இருளர் பழங்குடிக் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவார்கள். சேலைகளைக் கட்டிக் கூடாரம் போட்டு இரவு முழுக்க மணலிலேயே தங்கி, விடிகாலையில் கடலைப் பார்த்துத் தங்கள் தெய்வமான கன்னியம்மாவைக் கும்பிடுவார்கள். பெண் பார்ப்பது, நிச்சயம், கல்யாணம் எல்லாம் அங்கேயே நடக்கும். பார்க்கப் போகலாம், ஆனால் அது அவர்கள் வீட்டு விசேஷம் என்ற நினைப்போடு போங்கள். கும்பிடுகிறவர் முகத்துக்கு நேரே போனை நீட்டிப் படம் எடுக்கிற கூட்டத்தில் நீங்களும் ஒருவராக வேண்டாம்.

அடுத்தது பங்குனி உத்திரம். மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவுக்குள் ஏதோ ஒரு நாள். மயிலாப்பூர்த் திருவிழா இதை ஒட்டித்தான் நடக்கும், அதனால் உங்கள் நகர நிகழ்ச்சி நிரல் இந்தத் தேதியைச் சுற்றியே அமையும். திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயிலிலும் பங்குனியில்தான் பெருவிழா. திருவல்லிக்கேணி பார்த்தசாரதிக்குச் சித்திரையில்.

ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டு. கோயில்களிலும் கடற்கரையிலும் கூட்டம் அலைமோதும், அன்று எங்கேயும் போகாமல் வீட்டில் மாங்காய்ப் பச்சடி சாப்பிடுவதே புத்திசாலித்தனம். மறுநாள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் முட்டையிட்டுப் பெருகுவதற்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஃபைபர் படகுகள் மட்டும் கரையோரமாகப் போய் வரும். கோவளத்தில் மீன் வறுவல் சாப்பிடுவதே உங்கள் திட்டத்தின் முக்கிய நோக்கம் என்றால், ஏப்ரல் 15க்கு முன்னால் போய்விடுங்கள்.

மார்ச் மாதம் பத்தாவது, பன்னிரண்டாவது பொதுத்தேர்வு நடக்கும் காலம். அதனால் வார நாட்களில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரளவு காலியாக இருக்கும். வீட்டில் பரீட்சை எழுதுகிற பிள்ளை இல்லாதவர்களுக்கு இது வரம். ஒரு செவ்வாயோ புதனோ லீவு போட முடிந்தால் சனி ஞாயிறை மறந்துவிடுங்கள். (செவ்வாயில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.)

படி 2: நாளை இரண்டாக வெட்டுங்கள்

சென்னை வெயிலின் கணக்கு மற்ற ஊர்க் கணக்கு இல்லை. இங்கே கடற்காற்று ஒன்று உண்டு. காலையில் வெயில் ஏற ஏறத் தரை சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். தரைக்கு மேலே உள்ள காற்று சூடாகி மேலே எழும்பும்போது, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். பங்குனியில் இது பெரும்பாலும் நண்பகலை ஒட்டி வந்துவிடும். முதலில் பெசன்ட் நகருக்கும் மெரினாவுக்கும், அப்புறம் தி.நகர், அப்புறம்தான் தாம்பரம், பூந்தமல்லி. கத்திரியில் மேற்கிலிருந்து வீசும் வறட்டுக் காற்று வலுத்துவிட்டால் கடற்காற்றை உள்ளே விடாமல் தள்ளிப் பிடிக்கும். மே மாதம் ஊர் கொதிப்பதற்கு அதுதான் காரணம். பங்குனியில் அந்தச் சண்டையில் பெரும்பாலும் கடல்தான் ஜெயிக்கும்.

இதிலிருந்து ஒரு விஷயம் புரியும். மத்தியானம் இரண்டு மணியைவிடக் காலை பத்தரைதான் மோசம். காற்று நின்றுபோய், சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டு, மரத்தில் ஓர் இலைகூட அசையாத நேரம் அது. ஆனால் நம் ஆட்கள் "காலையிலேயே கிளம்பிடலாம்" என்று சொல்லிவிட்டு, சரியாகப் பத்தரைக்குத்தான் போய் இறங்குவார்கள்.

ஆகவே நாளை இப்படி வெட்டிக்கொள்ளுங்கள். விடியற்காலை ஐந்தரை முதல் ஒன்பது வரை ஒரு துண்டு. மாலை நான்கு முதல் இரவு வரை இன்னொரு துண்டு. நடுவில் இருப்பது கூரைக்கும் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும். ஏப்ரல் தொடக்கத்தில் சூரியன் ஆறு மணி வாக்கில் எழும், ஆறேகால், ஆறு இருபதுக்கு மறையும். நம்முடையது கிழக்குக் கடற்கரை, அதனால் சூரியன் கடலிலிருந்து எழுவதைத்தான் பார்க்க முடியும். கடலில் அஸ்தமனம் பார்க்க வந்தேன் என்று மெரினாவில் நின்றால் எல்.ஐ.சி. கட்டடம் இருக்கிற பக்கம்தான் திரும்பிப் பார்க்க வேண்டும்.

படி 3: முதல் வாரம் மயிலாப்பூருக்கு

கபாலீஸ்வரர் கோயில் பங்குனிப் பெருவிழா பத்து நாள். பத்தும் பார்க்க முடியாதவர்களுக்கு நான் மூன்றைச் சொல்வேன்.

மூன்றாம் நாள் காலை சுவாமி அதிகார நந்தி வாகனத்தில் வருவார். விடிகிற நேரத்தில் கோபுர வாசலுக்கு வெளியே நின்றால் போதும். வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டு, மாடவீதியில் காபி குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். வயதானவர்களைக் கூட்டிப் போக இதைவிட நல்ல நாள் கிடையாது.

ஏழாம் நாள் காலை தேர். எட்டாம் நாள் பிற்பகல் அறுபத்து மூவர். இந்த எட்டாம் நாளுக்குத்தான் கூட்டம். அன்று காலையில் சம்பந்தர் பூம்பாவையை உயிர்ப்பித்த கதை நடக்கும். சிவநேசச் செட்டியாரின் மகள் பூம்பாவை பாம்பு தீண்டி இறந்துபோக, குடத்தில் வைத்திருந்த அஸ்தியிலிருந்து அவளைப் பதிகம் பாடி எழுப்பியதாக வரலாறு. இந்தத் திருவிழாவையெல்லாம் பார்க்காமலேயே போய்விடுவாயா என்றுதான் ஒவ்வொரு பாட்டிலும் அவர் கேட்கிறார். அந்தப் பட்டியலில் பங்குனி உத்திரமும் வருகிறது. ஏழாம் நூற்றாண்டிலேயே பேர் வாங்கிய திருவிழாவுக்குத்தான் நாம் பார்க்கிங் கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொள்கிறோம்.

பிற்பகல் மூன்று மணி வாக்கில் ஊர்வலம் கிளம்பும். கோலவிழி அம்மன் முன்னால் போக, கபாலியும் கற்பகாம்பாளும், அவர்களைப் பார்த்தபடி கைகூப்பி நிற்கும் நாயன்மார்கள் சின்னச் சின்னப் பல்லக்குகளில். நாயன்மார் சிலைகள் எல்லாம் உயரம் குறைவு. அதனால் கூட்டத்தின் பின்னால் நின்றால் பூவும் குடையும்தான் தெரியும். மாடவீதியில் யாராவது தெரிந்தவர் வீட்டுத் திண்ணையோ மாடியோ கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்காவிட்டால் இரண்டு மணிக்கே போய் வீதி மூலையில் இடம் பிடியுங்கள். மூலையில் பல்லக்கைத் திருப்புவதற்காகக் கொஞ்சம் நிறுத்துவார்கள், நிதானமாகப் பார்க்கலாம்.

காரில் போகாதீர்கள். சாலைகளை அடைத்துவிடுவார்கள். பறக்கும் ரயிலில் ஏறித் திருமயிலை ஸ்டேஷனில் இறங்கி நடப்பதுதான் வழி. திரும்பும்போது திருமயிலையில் நெரிசலாக இருந்தால், ஒரு பத்து நிமிடம் நடந்து முண்டகக்கண்ணி அம்மன் கோயில் ஸ்டேஷனுக்கோ மந்தைவெளிக்கோ போய் ஏறிக்கொள்ளலாம்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். வழிநெடுக நீர்மோர், பானகம், புளியோதரை, சுண்டல், ரஸ்னா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். ஒரு வருடம் ஒரு மாமி என் கையில் தொன்னையைத் திணித்துவிட்டு, "இன்னொண்ணு வாங்கிக்கோ, வீட்ல யாராவது இருப்பாளோன்னோ" என்றார். வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார் போல இருந்தது. ஆனால் ஒன்று: வெறும் வயிற்றில் மூன்று மணி நேரம் பானகம் மட்டும் குடித்துக்கொண்டு நின்றால் தலை சுற்றும். வீட்டில் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

சிறு பிள்ளைகளை அன்று தோளில் தூக்கிக்கொள்ளத் தயாராக இருந்தால் மட்டும் கூட்டிப் போங்கள். சட்டைப்பையில் உங்கள் போன் நம்பரை எழுதி வைத்துவிடுங்கள். அது முடியாது என்றால் மறுநாள் மாலை போகலாம். கடைகள் இருக்கும், சொப்புச் சாமான் வாங்கலாம், கூட்டம் பாதியாகியிருக்கும்.

படி 4: ஓர் இரவு ஆமைக்கு

பங்குனி ஆமை என்று ஓர் ஆமை இருக்கிறது. சிற்றாமை என்றும் சொல்வார்கள், ஆங்கிலப் பெயர் ஆலிவ் ரிட்லி. ஜனவரியிலிருந்து பங்குனி வரை சென்னைக் கரையில் ஏறி முட்டையிடும். அதுவும் மக்கள் நடமாட்டமே இல்லாத தீவில் இல்லை, நீலாங்கரை பங்களாக்களுக்கும் பெசன்ட் நகர் பஜ்ஜிக் கடைகளுக்கும் நடுவில். 1988 முதல் மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புக் குழு ஒன்று, பருவம் முழுக்க இரவில் இந்தக் கரையில் நடந்து முட்டைகளைச் சேகரிக்கிறது. வார இறுதிகளில் பொதுமக்களையும் கூட்டிப் போவார்கள். பதினொரு மணிக்கு மேல் தொடங்கும் நடை, முடிய விடிகாலை ஆகும். ஆறேழு கிலோமீட்டர், முழுக்க மணலில்.

போவதற்கு முன் சில விஷயங்கள். டார்ச் கூடாது, போன் வெளிச்சம் கூடாது, வெள்ளைச் சட்டை வேண்டாம். அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கிவிடுங்கள். ஆமையைப் பார்த்தே தீருவேன் என்று போகாதீர்கள், பல இரவுகளில் வெறும் கடலும் நாய்க் குரைப்பும்தான். நான் மூன்று முறை போய் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன்.

அந்த ஒரு முறையைச் சொல்கிறேன். முன்னால் போன பையன் சட்டென்று கையை நீட்டி எங்களை நிறுத்தினான். மணலில் டிராக்டர் டயர் போன மாதிரி ஒரு தடம், கடலிலிருந்து மேலே ஏறியிருந்தது. திரும்பி இறங்கிய தடம் இல்லை. அப்படியானால் மேலேதான் இருக்கிறது. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். துடுப்புகளால் மணலை இழுத்து மூடிவிட்டு, உடம்பை இடமும் வலமும் ஆட்டித் தொம் தொம்மென்று மணலை இறுக்கியது. நம் வீட்டில் திமிசுக்கட்டையால் தரை இடிக்கிற மாதிரியே சத்தம். அப்புறம் ஒரு பெருமூச்சு, மனிதர் விடுவதைப் போலவே. கடலுக்குள் போனபின் அந்தப் பையன் ஒரு குச்சியை மணலில் மெல்லக் குத்திக்கொண்டே வந்தான். ஓர் இடத்தில் குச்சி தடையில்லாமல் இறங்கியது. அங்கே தோண்டினால் குடம் போல ஒரு குழி, அதற்குள் பிங்பாங் பந்து மாதிரி நூறுக்கு மேல் முட்டை.

அந்த முட்டைகளைக் கம்பி வேலி போட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைத்து வைப்பார்கள். 45 முதல் 55 நாளில் குஞ்சு வரும். மணல் எவ்வளவு சூடோ அந்த அளவுக்குப் பெண் குஞ்சு அதிகம், குளிர்ந்த மணலில் ஆண். பங்குனி, சித்திரை மாலைகளில் பெசன்ட் நகர் பக்கம் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். இரவு விழிக்க முடியாதவர்களும் சிறுவர்களும் இதற்குப் போகலாம். இருட்டுவதற்கு முன், கயிறு கட்டிய இடத்துக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும். குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம் போகும் பிறவிகள். உங்கள் போன் ஃபிளாஷ் அவற்றுக்குக் கடல் மாதிரித் தெரியும். அணைத்துவிடுங்கள்.

படி 5: கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதை எப்போது

திருவான்மியூரிலிருந்து தெற்கே போகப் போக வரிசையாக இடங்கள் வரும். வரும் வரிசையிலேயே ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. அப்படிச் செய்தால் கூரை இருக்கிற இடங்களைக் குளிர்ந்த காலையிலும், திறந்தவெளியான மாமல்லபுரத்தை உச்சி வெயிலிலும் பார்ப்பீர்கள். என் அக்கா குடும்பத்துக்கு நடந்தது அதுதான். தலைகீழாகச் செய்யுங்கள்: விடியற்காலை நேரே மாமல்லபுரம், திரும்பி வரும் வழியில் நண்பகலுக்குக் கூரைகள், மாலைக்கு கோவளம்.

நண்பகலுக்கு மூன்று இடம். முட்டுக்காட்டில் தக்ஷிணசித்ரா, 1996ல் திறந்தது, லாரி பேக்கர் வடிவமைத்தது. தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், கர்நாடகம் என்று தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். இதை நான் அருங்காட்சியகமாகப் பார்ப்பதில்லை, வெயில் காலப் பாடமாகப் பார்க்கிறேன். வெளியே தார் உருகுகிற நேரத்தில் செட்டிநாட்டு வீட்டுக்குள் நுழைந்தால் முற்றத்து வழியாகச் சூடு மேலே போய்விடும், தரை காலுக்குச் சில்லென்று இருக்கும். திண்ணையில் சாய்ந்து அரை மணி தூங்கியே இருக்கிறேன். செவ்வாய்க்கிழமை விடுமுறை, நான் முன்பு சொன்ன சிக்கல் இதுதான்.

அதற்கு முன்னால், ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966ல் தொடங்கியது. ஓவியம் விற்றுச் சாப்பிட முடியாத காலத்தில் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்தக் காசில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். காட்சிக்கூடம் சின்னது, ஒரு மணி நேரம் போதும்.

மூன்றாவது, வடநெம்மேலி முதலைப் பண்ணை. 1976ல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கியது. மரநிழல் நிறைய. இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பு விஷம் எடுப்பதைக் காட்டுவதும் இங்கேதான், பாம்புக்கடி மருந்துக்கு அந்த விஷம்தான் மூலம். முதலைகள் நண்பகலில் கல் மாதிரிக் கிடக்கும், பிள்ளைகள் "பொம்மையா?" என்று கேட்பார்கள். பொறுமையாக நின்றால் ஒன்று கண்ணைச் சிமிட்டும்.

மூன்றையும் ஒரே நாளில் பார்க்க நினைக்காதீர்கள். ஒன்று போதும்.

முட்டுக்காடு படகுத்துறையை மாலை நான்கரைக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். கோவளத்தில் மீனவர் குப்பம், தமீமுன் அன்சாரி தர்கா, மாதா கோயில் எல்லாம் கூப்பிடு தூரத்தில். கடற்கரையின் ஒரு பகுதிக்கு 2021ல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது, சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் சர்வதேசச் சான்று அது. அந்தப் பகுதியில் கழிப்பறை, உடை மாற்றும் அறை, உயிர்காப்பாளர்கள் உண்டு. பெண்களோடும் குழந்தைகளோடும் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. அலைச்சறுக்குக் கற்றுக்கொள்ள ஆசையிருந்தால் இங்கேதான், அதிகாலையில். காற்று எழுவதற்கு முன் கடல் சீராக இருக்கும்.

பஸ்ஸில் போகிறவர்கள் திருவான்மியூர் பேருந்து நிலையத்தில் ஏறுங்கள். காரில் போகிறவர்கள் உத்தண்டி டோலுக்கு ஃபாஸ்டேகில் பணம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

படி 6: மாமல்லபுரம், நான் போகும் வரிசையில்

அடையாறில் காலை நாலேமுக்காலுக்குக் கிளம்பினால் ஆறுக்குள் போய்விடலாம். முதலில் கடற்கரைக் கோயில். ஆறு மணிக்கே திறக்கிறார்கள். கடலைப் பார்த்த சன்னதி கிழக்கு நோக்கியது, முதல் வெளிச்சம் நேராக அதன்மேல்தான் விழும். உப்புக் காற்று தின்று சிற்பங்களின் மூக்கும் விரலும் மழுங்கிப்போயிருக்கும், சாய்வான காலை வெயிலில்தான் அந்த மிச்ச மேடு பள்ளங்கள் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். இங்கே வாங்குகிற சீட்டு ஐந்து ரதத்துக்கும் செல்லும், பத்திரமாக வையுங்கள்.

ஏழு மணிக்கு அர்ச்சுனன் தபசு. இதற்குச் சீட்டு இல்லை, சாலையோரத்திலேயே இருக்கிறது. இதுவும் கிழக்குப் பார்த்த பாறை. எல்லாரும் யானையோடு படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நீங்கள் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். யானைக் காலடியில் குட்டிகள் தெரியும். அதன் தும்பிக்கைக்குப் பக்கத்தில் ஒரு பூனை, ஒற்றைக்காலில் நிற்கிற முனிவரைப் போலவே கைகளைத் தூக்கித் தவம் செய்யும், சுற்றிலும் எலிகள் அதை நம்பி நிற்கும். கீழே ஒரு மான் பின்னங்காலால் மூக்கைச் சொறியும். நடுவில் இருக்கும் பிளவில் நாகர்கள் நீந்துகிறார்கள், ஒரு காலத்தில் மேலிருந்து உண்மையாகவே தண்ணீர் விழ வைத்ததாகச் சொல்கிறார்கள். பக்கத்தில் கிருஷ்ண மண்டபத்தில் ஒருவன் பால் கறக்கிறான், மாடு கன்றை நக்குகிறது. பல்லவர் காலத்தில் எருமைப்பாலா பசும்பாலா என்று என் மாமா ஆராய்ச்சி செய்தது இந்த இடத்தில்தான்.

அங்கிருந்து குன்றின் மேல் வராக மண்டபம், வெண்ணெய் உருண்டை, மகிஷாசுரமர்த்தினி குகை. எட்டரைக்குள் இறங்கிவிடுங்கள். பாறை அதற்குமேல் சூடேறத் தொடங்கும்.

ஐந்து ரதங்களை மாலைக்கு விடுங்கள். பெரும்பாலானவை மேற்குப் பார்த்தவை, நாலரை மணி வெயிலில் கல் பொன்னிறமாகிவிடும். ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள் என்பதால் ஐந்துக்குள் உள்ளே போய்விடுங்கள். ஒரே பகலில் திரும்புகிறவர்கள் கடற்கரைக் கோயிலுக்கும் தபசுக்கும் நடுவில் இதையும் நுழைக்கப் பார்ப்பார்கள். வேண்டாம். ஓர் இரவு தங்க முடியாதவர்கள் ரதங்களை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம், அவை எங்கேயும் போகப்போவதில்லை.

வடக்கே சுமார் ஐந்து கிலோமீட்டரில் சாளுவன்குப்பம். புலிக்குகைக்கு எல்லாரும் போவார்கள். அதைத் தாண்டி முருகன் கோயில் இருக்கிறது. 2004 சுனாமி மணலை அரித்துக்கொண்டு போனதில் ஒரு பாறையில் கல்வெட்டு தெரிய, அதைப் பிடித்துக்கொண்டு தோண்டியபோது கிடைத்தது. பல்லவர் காலத்துக் கோயிலுக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில். இப்போது பார்க்க அஸ்திவாரம்தான் இருக்கும், கூட்டமே இருக்காது. எனக்கு இந்தக் கரையிலேயே பிடித்த இடம் இது.

படி 7: இன்னும் ஒரு நாள் இருந்தால்

தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டிச் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை. இன்னும் தெற்கே கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை, கழிமுகத்தைப் பார்த்தபடி இடிந்து நிற்கும். மாலை நேரம் மட்டும், நிழலே கிடையாது, தண்ணீர் கொண்டுபோகவும். வடக்கே என்றால் பழவேற்காடு. டச்சுக் கல்லறைகளின் வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய தூண்கள், ஏரியில் மார்ச் வரையிலாவது பூநாரைகள். ஏப்ரல் கடைசியில் போனால் ஏரியும் வற்றத் தொடங்கியிருக்கும், பறவையும் கிளம்பியிருக்கும். புதுச்சேரியை இந்தப் பட்டியலில் சேர்க்க மாட்டேன். அதற்குத் தனியாக இரண்டு நாள் வேண்டும்.

படி 8: கடலில் கால் வைக்கும் முன்

பெசன்ட் நகர் மணலில் வெள்ளையாக ஒரு வளைவு நிற்கிறதே, காதலர்கள் சாய்ந்து உட்காரும் இடம், அது நினைவுச்சின்னம். 1930ல் கடலில் தத்தளித்த ஒருவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட கார்ல் ஷ்மிட் என்ற டென்மார்க்காரருக்காகக் கட்டியது. நீச்சல் தெரிந்தவர்தான் அவர்.

இந்தக் கரையில் அலை உடைகிற இடம் ஆபத்தில்லை. இரண்டு அலை உடைகிற இடங்களுக்கு நடுவில் தண்ணீர் அமைதியாக, கொஞ்சம் கலங்கலாகத் தெரியுமே, அதுதான் ஆபத்து. கரைக்கு வந்த தண்ணீர் எல்லாம் அந்த வாய்க்கால் வழியாகத்தான் கடலுக்குத் திரும்பும், ஆளையும் இழுத்துக்கொண்டு. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்டதும் உள்ளே வர வேண்டும். மெரினாவில் குளிக்கவே வேண்டாம்.

ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் என்று ஒன்று வரும். இங்கே காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். ஆனால் தெற்கே இந்தியப் பெருங்கடலின் கோடியில் எழுந்த புயலின் அலை பல நாள் பயணம் செய்து திடீரென்று கரையில் ஏறும். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது, செய்தியில் வரும். அந்த நாட்களில் பாறை மேல் நின்று செல்ஃபி எடுப்பதை விட்டுவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், அந்தக் குப்பத்து மீனவர் ஒருவரிடம் "அண்ணே, இன்னிக்கு கடல் எப்படி?" என்று கேளுங்கள். அவர் தலையை ஆட்டும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

படி 9: பையில் என்ன, வயிற்றில் என்ன

தொப்பி, குடை, பருத்தித் துண்டு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாறு ஒரு பாட்டில். செருப்பு ரப்பரில் வேண்டாம், கழற்றி மாட்ட எளிதாக இருக்கட்டும். சில்லறைக் காசு.

வழியில் வாங்க நுங்கு, இளநீர், தர்பூசணி, வெள்ளரிப்பிஞ்சு. மார்ச் கடைசியிலேயே சாலையோரத்தில் நுங்குக் குலைகள் வந்துவிடும். கடைக்காரரிடம் "இளசா பார்த்துக் குடுங்க" என்று சொன்னால் மட்டும் போதாது, அவர் சீவியதும் நீங்களே பார்க்க வேண்டும். கண்ணில் கட்டை விரலை வைத்து அழுத்தினால் உடனே உடைந்து நீர் முகத்தில் பீய்ச்சினால் அது சரியான பதம். விரலே இறங்கவில்லை என்றால் முற்றிவிட்டது, தின்றால் மத்தியானம் வயிறு வலிக்கும். மேல்தோலை உரிக்காமல் சாப்பிடுங்கள், வேர்க்குருவுக்கு அந்தத் தோலையே தேய்ப்பாள் என் பாட்டி. பதநீர் கிடைத்தால் காலை ஏழு, எட்டு மணிக்குள் குடியுங்கள். வெயில் ஏறினால் புளிக்கத் தொடங்கும்.

கோவளத்தில் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். தடைக்காலத்தில் பெரிய வஞ்சிரம் தேடாமல், ஃபைபர் படகில் அன்று வந்த நெத்திலியோ கிழங்கானோ கேளுங்கள். பனிக்கட்டியில் பத்து நாள் கிடந்த பெரிய மீனைவிட அது எவ்வளவோ மேல்.

திரும்பும்போது

ஞாயிறு மாலை ஐந்தரைக்கும் எட்டரைக்கும் நடுவில் மாமல்லபுரத்திலிருந்து கிளம்பினால் சென்னை எல்லையில் உள்ள அக்கரை என்ற ஊர் வரை ஊர்ந்துதான் வரவேண்டும். நான்கு மணிக்கே கிளம்புங்கள், இல்லாவிட்டால் அங்கேயே இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஒன்பதுக்குக் கிளம்புங்கள்.

இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் நாளைப் பௌர்ணமியாகப் பார்த்து வைத்துக்கொள்ளலாம். பௌர்ணமியன்று சூரியன் மறைகிற அதே நேரத்தை ஒட்டித்தான் நிலா எழும், அதுவும் நேரே கடலிலிருந்து. ஆறு, ஆறரைக்கு மணலில் உட்கார்ந்து கிழக்கே பாருங்கள். முதலில் ஏதோ கப்பல் தீப்பிடித்த மாதிரி அடிவானத்தில் செம்மஞ்சளாக ஒரு கீற்று. சித்திரா பௌர்ணமி பல வருடங்களில் ஏப்ரல் கடைசியில் வரும், கத்திரிக்கு ஒரு வாரம் முன்னால். மாங்காய் போட்ட பட்டாணிச் சுண்டல் ஒரு பொட்டலம் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிலா எழுந்த பிறகு சுண்டல்காரப் பையனும் நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.